பேச்சை நிறுத்தக் கூடாது

ஜூன் 4

அண்ணிக்கு,

ஐஸ் பெட்டி வந்து சேர்ந்தது. பஸ் டிரைவரிடமிருந்து நானே கையில் வாங்கினேன். மருந்து ஜில்லென்றுதான் இருந்தது. அதற்கு மட்டும் நன்றி.

இனிமேல் போன் வேண்டாம். முந்தாநாள் நீங்கள் போனில் போட்ட கூச்சல் வார்டு முழுக்கக் கேட்டது. "என் தம்பியை நீதான்டி கொல்றே" என்றீர்கள். பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் சும்மா இருக்கவில்லை. "உங்க கடையை இழுத்துப் பூட்ட வைக்கிறேன்" என்றேன். இரண்டு பேர் போட்ட சண்டைக்கு நர்ஸ் என் ஒருத்தியை வெளியே நிறுத்தினார். ஆகவே இனி எழுத்துதான். இந்த மருந்து இங்கே எந்தக் கடையிலும் இல்லை என்பதால் உங்களிடம் கையேந்த வேண்டியிருக்கிறது. நிரம்பி வரும் பெட்டியில் உங்கள் கடிதத்தை வையுங்கள். திரும்பிப் போகும் காலிப் பெட்டியில் என்னுடையது வரும்.

மூக்கு டாக்டர் உள்ளே குழாய் விட்டு எடுத்த சதையின் முடிவு வந்துவிட்டது. பூஞ்சை. மூக்குக்குப் பின்னால், கண்ணுக்கு அடியில், எலும்புக்குள் சின்ன அறை மாதிரி ஒரு இடம் இருக்கிறதாம். அங்கே குடியேறிச் சுவரைத் தின்று, அதை ஒட்டி மூளைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயையும் தின்ன ஆரம்பித்திருக்கிறது. குழாய் ஒரு இடத்தில் பட்டாணி அளவுக்குப் புடைத்து நிற்கிறது. அது வெடித்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னார். அவர் அதைச் சொல்லும்போது பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். எனக்கு அந்தப் பேனாவைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

காளான் பண்ணைக்காரன் தலைக்குள் காளான் என்று நம் கொட்டகைக்கு வேலைக்கு வருபவர்களே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் கேட்பது உங்களை. கண்ணுக்குப் பின்னால் வலி என்று உங்கள் தம்பி சொன்னதும் நீங்கள் சொன்ன அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை இருக்கிறதே, அதை ஒரு மாதத்துக்கு மேல் தின்றிருக்கிறார். "அக்கா நிறுத்த வேணாம்னு சொல்லிட்டா" என்று தினமும் என் கண் முன்னால்தான் விழுங்கினார். அது வீக்கத்தை அடக்கும், கூடவே உடம்பின் காவலையும் தூங்க வைத்துவிடும் என்று டாக்டர் சொல்கிறார். "யார் கொடுத்தது?" என்று கேட்டார். "இவங்க அக்கா. மருந்துக்கடை வச்சிருக்காங்க" என்றேன். மறைக்கவில்லை.

உங்கள் குடும்பத்தில் காய்ச்சல் வந்தாலும் கால் சுளுக்கினாலும் டாக்டரிடம் போவதற்கு முன்னால் அக்காவுக்குப் போன் போடுவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். எனக்குப் பிரசவ வலி வந்தபோதுகூட முதல் போன் உங்களுக்குத்தான் போனது. காளானுக்கு நாங்கள் எரு போடுகிறோம். அவர் மண்டைக்குள் வளர்ந்ததற்கு எரு போட்டது நீங்கள்.

காலிப் பெட்டி இத்துடன்.

தம்பி மனைவி


ஜூன் 8

உனக்கு,

முதலில் மருந்து. குப்பிகள் ஐஸில் நேராகப் படக் கூடாது, நடுவில் துணி வைத்திருக்கிறேன், அதை எடுத்துவிடாதே. உறைந்தால் தண்ணீருக்குச் சமம். டிரிப்ஸ் ஏறும்போது குளிர் நடுக்கம் வரும், பயந்து நிறுத்தச் சொல்லாதே. சிறுநீர் எவ்வளவு போகிறது என்று நர்ஸ் அளக்கிறாரா என்று பார். இந்த மருந்து சிறுநீரகத்தைக் கடிக்கும்.

இப்போது உன் கடிதம். எரு போட்டேனாம்! நன்றாக எழுதுகிறாய். அந்த மாத்திரை நான் சொன்னதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஐந்து நாளைக்குச் சொன்னேன். ஐந்தாம் நாள் கண் டாக்டரிடம் போய் நில் என்றும் சொன்னேன். மறுபடி போன் செய்து, "அக்கா, வலி பறந்துடுச்சு, இன்னும் கொஞ்ச நாள் போடட்டுமா?" என்றான். செருப்பால் அடிப்பேன் என்றேன். அடுத்த வாரம் அவனே கூப்பிட்டு, கண் டாக்டரிடம் போனதாகவும், அவரே மாத்திரையைத் தொடரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னான். சீட்டை அனுப்பு என்றேன். நீ அனுப்புவாய் என்றான். இன்றுவரை வரவில்லை. சீட்டை அனுப்பத் துப்பில்லாதவள் எனக்கு எரு போடக் கற்றுத் தருகிறாள்.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூக்கு ஆகாது. எந்நேரமும் உறிஞ்சிக்கொண்டே இருப்பான், அதனால்தான் மூக்கன் என்று பெயர் வைத்தேன். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் மக்கின வைக்கோலுக்கு நடுவில் நிறுத்தியது யார்? எருவைப் புரட்டும்போது கொட்டகையே புகை போட்ட மாதிரி இருக்கும். நான் வந்தபோது பார்த்தேனே. அவன் முகத்தில் ஒரு துணிகூட இல்லை. வாசலில் மூன்று துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பேசிவிட்டேன். அவனை வண்டி வைத்துக் கூட்டிக்கொண்டு வா. உன் ஊர் டாக்டர்கள் பேனா மூடுவதற்குத்தான் லாயக்கு.

அண்ணி


ஜூன் 11

அண்ணிக்கு,

எந்தக் கண் டாக்டர்?

நிஜமாகவே கேட்கிறேன். அவர் எந்தக் கண் டாக்டரிடமும் போகவில்லை. போகச் சொல்லி நான் தொண்டை கிழியக் கத்தினேன். கொட்டகையில் ஒரு காளான் இருக்கிற இடத்தில் இரண்டாகத் தெரிகிறது என்று கத்தியை மாற்றி மாற்றி வைத்து விரலை வெட்டிக்கொண்டார். "வா, இப்பவே டாக்டர்கிட்ட போலாம்" என்றேன். "அக்காவைக் கேட்டுட்டேன். மாத்திரையைத் தொடரணுமாம், கண்ணு தானா சரியாயிடுமாம்" என்றார். உங்களைக் கேட்டுவிட்டால் அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சு ஏது? நானும் வாயை மூடினேன்.

உங்களிடம் டாக்டர் பெயர், என்னிடம் உங்கள் பெயர். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு என்பார்களே, அதை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன். கடிதத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "இது என்ன?" என்று கேட்டேன். தூங்குவது போலக் கிடந்தார். வலது கண் இமை தானாகவே மூடிக் கிடக்கிறது, அதனால் அவர் நடிப்பது பாதிதான் தெரிந்தது.

அவரை எங்கேயும் கூட்டிக்கொண்டு வர முடியாது. நேற்று மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே புடைப்பு பெரிதாகியிருக்கிறது. பட்டாணி இப்போது திராட்சை. வண்டியில் ஒரு குழியில் விழுந்து எழுந்தால் போதும் என்கிறார்கள். இங்கே ரத்தக்குழாய்க்கு என்றே ஒரு டாக்டர் இருக்கிறார். நாங்கள் குழாய் டாக்டர் என்போம், அவருக்கும் தெரியும். என்னை உட்கார வைத்துப் படம் போட்டுச் சொன்னார். மற்றவர்களுக்கு வரும் புடைப்பு என்றால் உள்ளே மெல்லிய கம்பிச்சுருளைத் திணித்து அடைத்துவிடுவாராம். இதன் சுவர் ஊறின காகிதம், கம்பி பட்டால் கிழியும், கிழியாவிட்டாலும் அந்தக் கம்பியிலேயே பூஞ்சை ஏறிக் குடியிருக்கும். அதனால் வலது பக்கக் குழாயையே புடைப்புக்கு முன்னும் பின்னும் மூடிவிட வேண்டும் என்கிறார். இடது பக்கக் குழாய் இரண்டு பக்கத்துக்கும் ரத்தம் கொடுக்குமா என்று முதலில் சோதித்துப் பார்ப்பாராம். கொடுத்தால் பிழைப்பார்.

கொடுக்காவிட்டால் என்று நான் கேட்டேன். வேறு குழாய் வைத்துத் தைத்து வழி உண்டாக்க வேண்டும், அது பெரிய ஆபரேஷன், அதற்கு இந்த உடம்பு தாங்குமா தெரியாது என்றார். பேனாவை மூடவில்லை.

தம்பி மனைவி


ஜூன் 14

உனக்கு,

குப்பிகள் வைத்திருக்கிறேன். டிரிப்ஸ் பாட்டிலின் மேல் வெளிச்சம் படக் கூடாது, கறுப்பு உறை போட்டிருக்கிறார்களா பார்.

என் தம்பி என்னிடம் பொய் சொல்ல மாட்டான். பயப்படுவான், சோம்பேறி, மூக்கு சிந்தினால் கை கழுவ மாட்டான். பொய் மட்டும் சொல்ல மாட்டான். சீட்டைத் தொலைத்தவள் நீ, அதை மூடி மறைக்க அவன் தலையில் பழியைப் போடுகிறாய். வாய் திறக்க முடியாமல் கிடப்பவன் மேல் பழி போடுவது சுலபம்தான்.

மூளைக்குப் போகிற குழாயை மூடுவதா? உனக்குப் புத்தி பிசகிவிட்டதா, அந்த டாக்டருக்கா? வயலுக்குப் போகிற வாய்க்காலை அடைத்துவிட்டுப் பயிர் பிழைக்கும் என்று எவனாவது சொல்வானா? மருந்துக்கு நேரம் கொடு. பூஞ்சை மெதுவாகத்தான் சாகும். எத்தனை வருஷமாகக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? உன் குழாய் டாக்டருக்கே நேராகக் கடிதம் எழுதிவிட்டேன். அக்கா என்கிற முறையில் எனக்குச் சம்மதமில்லை என்று.

கடைசியாக ஒன்று. என் பேச்சை மீறி நீ கையெழுத்துப் போட்டால் இந்தப் பெட்டியே கடைசிப் பெட்டி. பிறகு மருந்தை உன் குழாய் டாக்டர் வீட்டுத் தோட்டத்தில் பறித்துக்கொள்.

அண்ணி


ஜூன் 16

அண்ணிக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உங்கள் கடிதத்தைக் குழாய் டாக்டர் என் கையில் கொடுத்தார். "இவங்க மருந்து நல்லா தெரிஞ்சவங்க. ஆனா ஸ்கேனைப் பார்க்கல" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை உங்களைப் பற்றி அவர் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

மருந்து வேலை செய்ய வேண்டும் என்று உங்களுக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று எனக்குத் தெரியும். உங்கள் மாத்திரை செய்ததை உங்கள் குப்பியே சரிசெய்துவிட்டால் உங்கள் மனசு ஆறும். அவர் மண்டை உங்கள் மனசை ஆற்றுவதற்கான இடமில்லை அண்ணி. சுவர் இடிந்துகொண்டிருக்கும்போது கரையானுக்கு மருந்து அடித்தால் மட்டும் போதுமா? அடிக்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் ஆளை வெளியே எடுக்க வேண்டும்.

பெட்டியை நிறுத்துகிறீர்களா? நிறுத்துங்கள். உங்கள் தம்பிக்கு மருந்து இல்லாமல் செய்தது யார் என்று நாளைக்கு உங்கள் வாடிக்கையாளர்கள் கேட்டால் பதில் வைத்திருங்கள். ஊர் ஊராகப் போய் நான் தேடிக்கொள்கிறேன். கிடைக்காவிட்டால் உங்கள் கடை வாசலில் வந்து உட்காருவேன், வழி தெரியும்.

நீங்கள் நம்பாத விஷயத்தை நேற்றும் அவரிடம் கேட்டேன். "எந்த டாக்டர்யா சீட்டு கொடுத்தார்? பேரைச் சொல்லு." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "அக்காவையே கேளு" என்றார். திரும்பத் திரும்ப அக்கா. இந்த மனுஷன் சாகும்போதும் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் சாவார்.

எழுதிவிட்டேன். அதை அடித்து அழிக்க மாட்டேன்.

வியாழக்கிழமை சோதனை.

தம்பி மனைவி


ஜூன் 18

உனக்கு,

இரண்டு பங்கு குப்பி வைத்திருக்கிறேன். துணியை எடுக்காதே. பெட்டி கனமாக இருக்கும், டிரைவரை இறக்கித் தரச் சொல். கடைசிப் பெட்டி என்று எழுதினேன். என் வாய்க்கு எப்போது பூட்டு இருந்தது?

ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. கண் டாக்டர் பெயர் என்ன என்று அன்று போனில் கேட்டபோது அவன் இருமினான். நீளமாக இருமினான். நான் இருமல் மருந்து சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். சின்ன வயதில் பலகாரத்தைத் திருடித் தின்றுவிட்டு நான் கேட்டால் முதலில் இருமுவான். இது எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். கடையில் ஆள் நின்றுகொண்டிருந்தது.

இருந்தாலும் அவன் வாயால் சொல்லிக் கேட்காமல் நம்ப மாட்டேன். நீ சொல்வதை நான் எதற்கு நம்ப வேண்டும்? கையெழுத்துப் போட்ட கைக்காரி.

முடிந்ததும் போன் செய். எழுத்து வருவதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிடும்.

அண்ணி


ஜூன் 21

அண்ணிக்கு,

போன் செய்யவில்லை. வேண்டுமென்றேதான். "இருக்கார்" என்ற ஒரு வார்த்தையை மட்டும் பஸ் டிரைவரிடம் சொல்லியனுப்பினேன். நீங்கள் அழுதீர்களாம். எனக்கு அது தேவைப்பட்டது. இப்போது விவரம்.

அவருக்கு மயக்க மருந்து கொடுக்கவில்லை. தொடையில் துளை போட்டு, மெல்லிய குழாயைக் கழுத்துவரை கொண்டுபோய், அதன் நுனியில் இருந்த சின்ன பலூனை ஊதி வலது பக்க ரத்தத்தை நிறுத்திவிட்டார்கள். அரைமணி நேரம் அப்படியே வைத்திருப்பார்களாம். அவ்வளவு நேரமும் அவர் பேச வேண்டும், இடது கையைத் தூக்க வேண்டும். "பேச்சை நிறுத்தக் கூடாது. நிறுத்தினா ரத்தம் பத்தலன்னுதான் நான் எடுத்துக்குவேன்" என்றார் குழாய் டாக்டர். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஸ்பீக்கரில் குரல் கேட்டது. "எதைக் கேட்டா இவர் நிறுத்தாம பேசுவார்?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"அவர் அக்காவைப் பத்திக் கேளுங்க" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

பேசினார் அண்ணி. கடகடவென்று பேசினார். நீங்கள் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மூக்கில் சொட்டு மருந்து விட்டதைச் சொன்னார். கடை திறந்த அன்று முதல் வியாபாரம் தம்பி கையால் ஆகட்டும் என்று அவரைக் காயமே இல்லாமல் பிளாஸ்திரி வாங்க வைத்ததைச் சொன்னார். பிளாஸ்திரியை வீணாக்கக் கூடாது என்று முட்டியில் ஒட்டிக்கொண்டு சுற்றினாராம். உள்ளே இருந்த நர்ஸ் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு, "கண்ணு வலி வந்துச்சு. அக்காவுக்குப் போன் போட்டேன். அஞ்சு நாள் மாத்திரை சொன்னா. அப்புறம்..." என்றார்.

பேச்சு நின்றுவிட்டது.

டாக்டர் நிமிர்ந்தார். "கையைத் தூக்குங்க" என்றார். இடது கை எழுந்தது. "பேசுங்க. பேசுங்க. ஏன் நிறுத்திட்டீங்க?" பதில் இல்லை. பலூனை இறக்கத் தயாராகச் சொல்லி டாக்டர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். நானே கையெழுத்துப் போட்டு நானே கொன்றுவிட்டேன், நீங்கள் போனில் சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது ஸ்பீக்கரில் இருமல் கேட்டது. நீளமான இருமல்.

"அடுத்ததைச் சொன்னா அக்கா திட்டும் டாக்டர்" என்றார்.

"உங்க அக்கா இங்க இல்லை."

"பொண்டாட்டி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிறாளே."

அண்ணி, நான் கண்ணாடியைக் கையால் அறைந்தேன். "சொல்லுய்யா! சொல்லித் தொலை! நிறுத்தாதே!" என்று கத்தினேன். வெளியே போகச் சொல்வார்கள் என்று நினைத்தேன், யாரும் சொல்லவில்லை. அவர் சொன்னார். கண் டாக்டர் கிடையாது. சீட்டு கிடையாது. நீங்கள் சொன்ன மாத்திரையின் காலி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வேறு வேறு கடையில் போய், "எங்க அக்கா மருந்துக்கடை வச்சிருக்கா, அவ சொன்ன மாத்திரை" என்று கேட்டிருக்கிறார். கொடுத்திருக்கிறார்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"டாக்டர்கிட்ட போனா பெருசா ஏதாவது சொல்லிடுவாங்கன்னு பயம். மாத்திரை போட்டா வலி இல்ல. ரெண்டு பேரும் திட்டாம இருந்தாங்க. அது போதும்னு இருந்துச்சு."

இவ்வளவுதான் காரணம். இதற்காக நாம் இரண்டு பேரும் பெட்டி பெட்டியாகச் சண்டை போட்டோம். அறையில் இருந்த அத்தனை பேரும் சாட்சி, நம்பாவிட்டால் அவர்களைக் கேளுங்கள்.

பொய் முழுவதையும் சொல்லி முடிப்பதற்குள் அரைமணி நேரம் ஆகிவிட்டது. கை தளரவில்லை, நாக்கு குழறவில்லை. இடது பக்கக் குழாய் இரண்டு பக்கத்துக்கும் கொடுக்கிறது. மறுநாள் வலது குழாயை மூடிவிட்டார்கள். ஸ்கேனில் புடைப்பு தெரியவில்லை.

இனி பிழைத்துவிட்டார் என்று யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. வலது இமை இன்னும் திறக்கவில்லை, திறக்காமலும் போகலாம். பூஞ்சை எலும்பில் இன்னும் இருக்கிறது. குப்பி போதும், இனிமேல் மாத்திரை, ஒரு வருஷமாவது. அதைத் தின்றுவிட்டு வெயிலில் போனால் தோல் வெந்துவிடும் என்கிறார்கள். கொட்டகைப் பக்கமே போகக் கூடாது. எருவை நான் புரட்டுவேன், துணி கட்டிக்கொண்டு. கொடியில் காய்ந்த துணியை நீங்கள் பார்த்தது நிஜம். நானும்தான் தினமும் பார்த்தேன்.

இன்று காலையில் அவர் என்னிடம், "அக்காகிட்ட நான் சுத்தமா குணமாயிட்டேன்னு எழுதிடு, பாவம்" என்றார். இன்னும் திருந்தவில்லை. அதனால்தான் இமையைப் பற்றியும் மறைக்காமல் எழுதினேன்.

நீங்கள் போனில் சொன்ன அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. பெட்டியை நிறுத்துவேன் என்றதையும் மறக்கவில்லை.

ஐஸ் பெட்டி இத்துடன் திரும்ப வருகிறது. இனி அது வேண்டாம்.

தம்பி மனைவி


ஜூன் 24

உனக்கு,

மாத்திரையை வெறும் வயிற்றில் கொடு, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். முதல் நாட்களில் வெளிச்சமும் கலரும் தெரிகிறது என்பான், அது மாத்திரையின் வேலை. அப்போதும் டாக்டரிடம் சொல். எனக்குப் போன் போடாதே. யாரும் போடக் கூடாது. கடை வாசலிலேயே எழுதி ஒட்டிவிட்டேன், சீட்டு இல்லாமல் என்னிடம் எதுவும் கேட்காதீர்கள் என்று. வந்தவர்கள் எல்லாம் கோபித்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும்.

என் பேரைச் சொல்லி வாங்கியிருக்கிறான். எந்தக் கடைக்காரனும் அவனிடம் சீட்டு கேட்கவில்லை. அவனுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாளாகக் கடையில் உட்கார்ந்து யோசிக்கிறேன். பதில் தெரிகிறது. பிடிக்கவில்லை.

நீ எனக்குப் போன் செய்யாதது சரி. நானாக இருந்தால் டிரைவரிடம் அந்த ஒரு வார்த்தைகூடச் சொல்லியனுப்பியிருக்க மாட்டேன்.

இந்த மாத்திரையைத் தபாலில் அனுப்பலாம். அனுப்பப் போவதில்லை. சனிக்கிழமை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். உன்னிடம் சொன்ன சொல்லை எழுத்தில் திரும்ப எடுக்க முடியாது, வார்டில் எல்லோரும் கேட்கச் சொன்னேன், வார்டில் எல்லோரும் கேட்கத்தான் எடுக்க வேண்டும். நர்ஸ் வெளியே நிறுத்தினால் இந்த முறை நான் நிற்கிறேன்.

அதற்கு முன்னால் உன் குழாய் டாக்டரிடம் ஒன்று கேட்டு வை. வலது பக்கம் ஆகாது என்று எனக்கே தெரியும். இடது கன்னத்தில் ஒரு அறை விட்டால் அவன் தலைக்கு ஏதாவது ஆகுமா? ஆகாது என்றால், எனக்கு முன்னால் நீ அடித்துவிடாதே. நான் வரும்வரை பொறு.

அண்ணி